ஃபார்மலின் அக்கா எழுதிய பரீட்சை

மேல்நிலைப் பள்ளியின் உயிரியல் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கும் அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஃபார்மலின் அக்கா. ஃபார்மலின் திரவத்தில் பாம்பும் தவளையும் மிதக்கும் கண்ணாடி ஜாடிகளைத் துடைத்துத் துடைத்து, எந்த சோப்புக்கும் மசியாத வாடை ஒன்று அவள் கையோடு ஒட்டிவிட்டது. அந்தப் பெயருக்கு அவள் கோபப்பட்டதில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

செய்முறை வகுப்புக்கு நான்கு நாள் முன்பே வெங்காயங்களைத் தண்ணீர் டம்ளர்களின் வாயில் உட்காரவைத்து வேர் விடச் செய்வாள். அந்த வேர் நுனியை நறுக்கி, சாயமிட்டு, லேசாகச் சூடு காட்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து நசுக்கினால், செல் பிரிவது நுண்ணோக்கியில் தெரியும். பிள்ளைகள் செய்வதில் பாதி கருகிப்போகும். அந்தப் பாதியையும் இவளே செய்து கொடுப்பாள்.

ஆனால் அவளே பன்னிரண்டாம் வகுப்பு தேறவில்லை. மற்ற பாடமெல்லாம் பாஸ். உயிரியலில் மட்டும் நான்கு மதிப்பெண் குறைவு. அந்த வருடமே கல்யாணமாகிவிட, பிறகு அதைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. நாற்பத்து மூன்று வயதில் ஒரு சுற்றறிக்கை வந்தது: பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருந்தால் பணியாளர்கள் உதவியாளராகலாம். பெருக்க வேண்டாம், ஜாடி கழுவ வேண்டாம், பதிவேடு எழுதினால் போதும். அவளுடைய முழங்கால்கள்தான் முதலில் சம்மதித்தன.

புதுப் பாடப்புத்தகம் செங்கல் கனம் கனத்தது. வணிகவியல் படிக்கும் மகளிடம் கேட்டுப் பார்த்தாள்.

"எனக்கு பயாலஜின்னாலே அலர்ஜிம்மா. நீ அங்கேயேதானே இருக்க, பாடம் காதுல விழாதா?"

"விழுந்துச்சு. அந்தக் காது வழியாவே போயிடுச்சு."

கடைசியில் உயிரியல் டீச்சரே கைகொடுத்தாள். இவளைவிடப் பத்து வயது இளையவள். இரண்டு பிரிவுகளை ஒரே அறையில் அடைத்து எண்பது பேருக்குக் கத்திக் கத்தித் தொண்டை போயிருந்தது. மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் மரபியலைப் பிரித்து வைப்பாள்.

"நானே வருஷாவருஷம் இதைத்தான் சொல்றேன் அக்கா. சில நாள் எனக்கே சந்தேகம் வந்துடுது."

பல நாள் இரண்டு பேருமே மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவார்கள். மணிதான் எழுப்பும்.

செய்முறைத் தேர்வுக்கு அவளுடைய பள்ளியே மையமாக அமைந்தது. தேர்வு எழுதுபவள் ஆய்வக வேலை செய்யக் கூடாது என்று பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். ஒன்பதாம் மேசையில் அவள் நின்றாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"அக்கா, கவர் ஸ்லிப் தீந்துடுச்சு!"

தகட்டை மூடும் மெல்லிய கண்ணாடிக்காக, பழக்கதோஷத்தில் ஒரு பையன் அவளைத்தான் கூப்பிட்டான். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. வந்த ஆளோ அலமாரி அலமாரியாகத் தடவிக்கொண்டிருந்தார். அடுத்து ஒரு பெண் கண்ணைக் கசக்கியபடி, "அக்கா, விளக்குல ஸ்பிரிட் இல்ல" என்றதும் அவளால் முடியவில்லை.

"சார், ஒரு நிமிஷம் போயிட்டு வரட்டுமா?"

"நீங்க பரீட்சை எழுத வந்திருக்கீங்கம்மா" என்றார் தேர்வாளர்.

"தெரியும் சார். ஆனா எது எங்க இருக்குன்னு இவருக்குத் தெரியலையே."

அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். எல்லாம் எடுத்துக் கொடுத்துத் திரும்பி வருவதற்குள் அவளுடைய வேர் நுனி கருகிவிட்டிருந்தது. நல்ல வெங்காயங்களையெல்லாம் காலையில் அந்த ஆள் வருவதற்கு முன்பே பிள்ளைகளின் மேசைக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். அவளுடையதில் ஒரே ஒரு வேர் மிச்சம். அதை நறுக்கி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

தேர்வாளர் நுண்ணோக்கிக்குள் பார்த்தார். "எதுக்கு சூடு காட்டறோம்?"

"அப்பதான் சாயம் நல்லாப் பிடிக்கும் சார். நசுக்கும்போது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காது."

"இது எந்த நிலை?"

ஆயிரம் தடவை பார்த்ததுதான். "எல்லாம் நடுவுல வரிசையா நிக்குது சார். அடுத்து ரெண்டாப் பிரிஞ்சு ஆளுக்கொரு பக்கம் போயிடும்."

"அந்த நிலையோட பேரு?"

"நேத்துகூடப் படிச்சேன் சார்" என்றாள். அவர் தாளில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

முடிவு வந்த அன்று மகள் கைபேசியோடு ஓடி வந்தாள். "அம்மா, பாஸ்! தட்டுத்தடுமாறிப் பாஸ்!"

உதவியாளர் பதவிக்கான உத்தரவு வர மேலும் நான்கு மாதம் ஆனது. தலைமையாசிரியை கையைப் பிடித்து வாழ்த்தினார். "உங்க பழைய இடத்துக்கு ஆள் போடற வரைக்கும் அந்த வேலையையும் நீங்களே பாத்துக்கங்க."

"ஆள் எப்ப வருவாங்க மேடம்?"

"கேட்டிருக்கோம்" என்று தலைமையாசிரியை மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

அவள் உத்தரவை மடித்துப் பையில் வைத்தாள். ஆய்வகத்துக்கு வந்து டீச்சரிடம், "நாளைக்கு நான் லீவு" என்றாள்.

"ஏன் அக்கா, என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. தூங்கணும்."

மறுநாள் பகல் இரண்டு மணி வரை தூங்கினாள். எழுந்து பார்த்தால் பள்ளியிலிருந்து ஆறு தவறிய அழைப்புகள். நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு டீச்சரைக் கூப்பிட்டு, சாய பாட்டில் இரண்டாவது அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது என்று சொன்னாள். பிறகு கைபேசியை அணைத்து வைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள்.