‘இல்லை’ சொல்லக் கூடாத மூன்றாம் மாடி

எங்கள் கடையில் ‘இல்லை’ என்ற சொல்லுக்குத் தடை. தி.நகரில் ஜவுளி விற்கிறவர்களுக்கு இது புதிதல்ல. மயில்கழுத்து நிறத்தில் புடவை கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. "வந்துடும்க்கா, அதுக்குள்ள இத பாருங்க" என்று வேறொன்றை விரிக்க வேண்டும்.

மூன்றாம் மாடியில் இந்த விதியை ரூபீனா அக்கா மாதிரி காப்பாற்றியவர் கிடையாது. அவர்தான் எங்கள் சூப்பர்வைசர். ராயப்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றபடியே வருவார். கேட்டால், "நாள் பூரா நிக்கப் போறோம்ல, காலுக்கு வார்ம்-அப்பு" என்பார். மகன் அமீன் பள்ளிச் சட்டையில் சாம்பாரைக் கவிழ்த்த காலையில் இப்படிச் சொன்னார்: "அடிக்கத்தான் கைய தூக்குனேன். அப்புறம் பாத்தா, அந்த டைய அவன் ஒரு மாசமா தொவைக்கவே குடுக்கல. நல்ல வேளை, அதுவும் சேந்து ஊறுது." அந்தச் சிரிப்பில்தான் எங்கள் காலைகள் ஓடின, சத்தியமாக!

அதையும் மேனேஜர் அய்யாதுரை திருடிக்கொண்டார்.

ரம்ஜான் சீசனில் சரக்கு குவிந்தபோது, எங்கள் மாடியின் பெண்கள் டாய்லெட்டில் அட்டைப்பெட்டிகளை அடுக்கிப் பூட்டினார். சீசன் முடிந்தும் திறக்கவில்லை. பேஸ்மெண்டுக்குத்தான் போக வேண்டும். மொத்தக் கடைப் பெண்களுக்கும் அங்கே இருந்த ஒரு டாய்லெட்தான். தாழ்ப்பாள் கிடையாது. தரையில் எப்போதும் தண்ணீர், அது தண்ணீர்தானா என்பதும் தெரியாது. உள்ளே போனால் துப்பட்டாவைப் பல்லில் கடித்துக்கொண்டு கதவை ஒரு கையால் பிடிக்க வேண்டும். லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும்.

மேனேஜரிடம் கேட்டோம். "ரூபீனா மாதிரி பாசிட்டிவா பாருங்கம்மா. ஓசியில ஜிம்முல்லா இது!" என்றார். மறுநாள் படிக்கட்டுச் சுவரில் ஒரு தாள். ‘ஒவ்வொரு படியும் ஆரோக்கியம்.’ கீழே, ‘ரூபீனா, மூன்றாம் மாடி.’ அக்கா அப்படிச் சொன்னதே கிடையாது!

பட்டினப்பாக்கத்திலிருந்து வரும் ஜெசிகா, பேஸ்மெண்டுக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிப்பதையே விட்டாள். ஒரு மத்தியானம் புடவை மடித்துக்கொண்டிருந்தவள் அடிவயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். நீர்க்கடுப்பு, உடம்பெல்லாம் அனல். அக்காதான் ஆட்டோவில் டாக்டரிடம் கூட்டிப் போனார். வேலைக்குத் திரும்பிய அன்று ஜெசிகா கேட்டாள்.

"யக்கா, எல்லாத்துலயும் ஒரு நல்லது சொல்லுவியே. இதுல இன்னா நல்லது கீது? சொல்லு."

அக்கா நேராகப் போய்ச் சுவரிலிருந்த தாளைக் கிழித்தார்.

"பஸ்ல நிக்கிறது என் காலு. அதுக்கு நான் இன்னா வேணா சொல்லிக்குவேன். உன் வயித்து வலிக்கு நல்லது சொல்ல நான் யாருடி?"

அடுத்த வாரம், போணிகூட ஆகாத காலையில், தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அதிகாரி அம்மா சோதனைக்காக மூன்றாம் மாடிக்கு வந்தார். அய்யாதுரை பின்னாலேயே வந்து அக்காவின் காதில் சொன்னார். "பிள்ளையக் காப்பாத்த வேலை வேணும்லா? யோசிச்சுப் பேசுங்க." எனக்குக் கேட்டது. என் பில் கவுண்டர் பக்கத்தில்தான் இருக்கிறது.

அதிகாரி முதலில் ஜெசிகாவிடம்தான் கேட்டார்.

"இந்த மாடியில லேடீஸ் டாய்லெட் இருக்காம்மா?"

நாள் முழுக்கப் பழகின நாக்கு! "இருக்கு மேடம்! நாளைக்கி வந்துடும் மேடம்!" என்றாள் பளிச்சென்று.

"டாய்லெட்டா? நாளைக்கு வந்துடுமா?"

ஜெசிகா உதட்டைக் கடித்துக்கொண்டாள். மேனேஜர் சிரித்தார். "புதுப்புள்ள மேடம். எல்லாம் இருக்கு." அதிகாரி பேனாவை மூடப் போனார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

"இல்ல" என்றார் ரூபீனா அக்கா.

மாடியே திரும்பியது. போணி ஆகாத நேரத்தில், சாமி படத்துக்கு நேராக நின்று!

"ரூபீனா! காலங்காத்தால என்ன வார்த்தம்மா இது!" என்று பதறினார் அய்யாதுரை.

"இல்ல மேடம். டாய்லெட் இல்ல. பூட்டி வெச்சி அட்டப்பொட்டி அடுக்கிக்கிறாங்க. கீழ ஒண்ணு கீது, அதுல மனுசி போவ முடியாது. வாங்க, காட்டுறேன்."

காட்டினார். பேஸ்மெண்டிலிருந்து அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். எங்கள் மாடி டாய்லெட்டைத் திறக்க இரண்டே நாள் கெடு கொடுத்தார்.

பெட்டிகளை எடுத்தபோது ஒரு செத்த எலி, வண்டி வண்டியாகக் கரப்பான்கள். அய்யாதுரை வாசலில் நின்று சொன்னார். "இத ஒரு டீம் ஆக்டிவிட்டியா எடுத்துப் பொண்ணுங்களே க்ளீன் பண்ணா, ஒற்றுமை வளரும்லா?"

அக்கா துடைப்பத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "நீங்கதான சார் கேப்டன். மொதல்ல நீங்க." அரை மணி நேரத்தில் சுத்தம் செய்ய ஆள் வந்தது.

இத்தோடு நின்றதா? திறக்கிற அன்று கதவில் ரிப்பன் கட்டினார்கள். டாய்லெட்டுக்கு ரிப்பன்! கடையின் ரீல்ஸுக்காக ஒருவன் செல்போனோடு வந்தான். மேனேஜர் புதுச்சட்டையில் கத்தரிக்கோலோடு நின்றார். "எம்ப்ளாயீ கேர் பத்தி ரெண்டு பாசிட்டிவ் வார்த்தை சொல்லுங்க ரூபீனா" என்று பல்லைக் காட்டினார்.

அக்கா கேமராவை நேராகப் பார்த்தார்.

"ரம்ஜான்ல இருந்து பூட்டி வெச்சிருந்தாங்க. கேக்க ஆபீசர் வர வேண்டியதாச்சு. அசிங்கமா இல்ல?"

"கட்! கட்!" என்று அய்யாதுரை கத்திக்கொண்டிருக்கும்போதே, ஜெசிகா குனிந்து ரிப்பனுக்குக் கீழே நுழைந்து உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.