செங்கல் ஏற்றிய பெட்டி

பயணப் பெட்டிகளுக்குச் சக்கரமும் ஜிப்பும் மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். அதனால் தெருவுக்கே அவர் 'சக்கரம்'தான். உலகம் சுற்றிய பெட்டிகளெல்லாம் அவர் மடியில் வந்து படுக்கும். அவர் மட்டும் ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. கடைச் சுவரில் ஒரு பழைய காலண்டர் படம் இருந்தது: பனி மூடிய மலை, ஏரி, கரையில் சிவப்பு வீடு. கண்ணை மூடுவதற்குள் ஒரு தடவை அந்த நாட்டுக்குப் போய்விட வேண்டும் என்று தினமும் காலையில் கடவுளிடம் ஒரு வார்த்தை போட்டு வைப்பார்.

புதுச் சக்கரத்தைப் பாரம் ஏற்றி உருட்டிப் பார்க்காமல் கொடுக்க மாட்டார். நாலு செங்கல்லைப் பழந்துணியில் சுற்றி உள்ளே வைத்து, தெருமுனை வரை இழுத்துப் போய் வருவார். நாளாக ஆக, தெருமுனை போதவில்லை. விமான நிலையத்துக்குப் போகும் பேருந்து நிற்கிற இடம் வரை போனார். பிறகு அதற்கென்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டார்.

"பெட்டிய உருட்டிப் பாக்க சென்ட் எதுக்கு?" என்பாள் மனைவி. அவர் காதில் விழாத மாதிரி கிளம்பிவிடுவார்.

ஒரு நாள் நிறுத்தத்துக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அம்மாள் வந்து கேட்டாள். "எந்த நாட்டுக்குண்ணா?"

காலண்டர் நாட்டின் பெயர் அவர் வாயிலிருந்து தானாக வந்தது.

"ஆண்டவன் கண்ணத் திறந்துட்டான். என் மக அங்கதான் வேலை பாக்குறா. கண்ணாடி உடைஞ்சு போச்சு. அங்க செய்யக் குடுத்தா ஏகப்பட்ட நாள் ஆகுமாம். தடவித் தடவி வேலைக்குப் போறா. இங்க செஞ்ச கண்ணாடிய நீங்க கொண்டு போனா, ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்குவா." ஓடிப்போய்ச் சின்ன டப்பா ஒன்றை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள்.

உண்மையைச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பேருந்து வந்தது. அவள் நகரவில்லை, வழியனுப்ப நின்றாள். பெட்டியைத் தூக்க அவளும் ஒரு கை கொடுத்தாள்.

"யப்பா, என்னண்ணா இந்தக் கனம்?"

"புத்தகம்."

"படிச்சவங்கன்னு முகத்துலயே தெரியுது."

அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. அந்த இரைச்சலிலும் அவள் கண்ணை மூடி அவருக்காக வேண்டிக்கொண்டது ஜன்னல் வழியே தெரிந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, சந்து சந்தாக நடந்து வந்தார். சக்கரம் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

வீட்டில் டப்பாவைப் பார்த்து மனைவி கேட்டாள். சொன்னார். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவள், டப்பாவைத் துடைத்து அவர் முன்னால் வைத்தாள். "விடிஞ்சதும் போய்க் குடுத்துட்டு வந்துருங்க" என்றாள்.

மறுநாள் காலையில் எண்ணெய்க் கறை படிந்த கடைச் சட்டையோடு ஜெராக்ஸ் கடை முன்னால் போய் நின்றார்.

"ஏண்ணா, ஃப்ளைட்டு போகலையா?"

"நான் எங்கயும் போகலம்மா. பெட்டி ரிப்பேர் பண்றவன். சும்மா உருட்டிப் பாக்க வந்தேன்."

"அப்ப பெட்டிக்குள்ள?"

"செங்கல்லு."

மெஷினிலிருந்து தாள் வந்துகொண்டே இருந்தது. அவள் அதை எடுத்துத் தட்டி அடுக்கினாள். "நானும் ஒரு கை புடிச்சேனே" என்று மட்டும் சொன்னாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவருக்கு அத்தனை வலித்திருக்காது.

டப்பாவை வாங்கி வைத்தவள், போனில் எண்ணைப் போட்டு அவரிடம் நீட்டினாள். "லீவு சொல்லிட்டு ஏர்போர்ட்டுல வந்து நிக்கிறா. அவகிட்ட நீங்களே சொல்லுங்க."

இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்து, "ஹலோ" என்றார். இத்தனை வருடம் வேண்டிக்கொண்ட நாடு முதல் தடவையாக அவரிடம் பேசியது.

"அங்கிளா? வந்துட்டீங்களா? வெளிய வர்ற வாசல்லயே நிக்கிறேன். எனக்கு முகம் சரியாத் தெரியாது, நீங்க கையக் காட்டுங்க."

அவள் குரலுக்குப் பின்னால் பெட்டிகள் உருண்டு போகும் சத்தம் கேட்டது. அதில் ஒரு சக்கரம் தேய்ந்து போனது என்பதுகூட அவருக்குத் தெரிந்தது.

"பாப்பா," என்றார், "நான் வரலம்மா."