தூக்குக்கு ஒரு பட்டிமன்றம்

எங்கள் நகரில் யாரையாவது தூக்கில் போடாமல் பொழுது விடியாது. சத்துவாச்சாரியில் எங்கள் பக்கம் பாதி வீடுகளில் ரிடையர் ஆனவர்கள்தான். காலையில் குல்லாய் மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்புவார்கள். நடப்பது கொஞ்சம், பூங்கா பெஞ்சில் உட்காருவது ஜாஸ்தி. பேப்பரை விரித்து, சர்க்கரை இல்லாத டீ வருவதற்குள் நாலைந்து பேரை ஏற்றி இறக்கியிருப்பார்கள். கறிக்கடையில் கோழியை அறுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆசாமிகள் இவர்கள். கயிறு என்று சொன்னால் மட்டும் வாயில் எச்சில் ஊறும்.

"ஜெயில்ல வெச்சு நம்ம வரிப்பணத்துல பிரியாணி போடணுமா?" என்பார் ஒருவர். "அரபு நாட்டுல மாதிரி நடுரோட்டுல வெச்சு முடிக்கணும்" என்பார் இன்னொருவர். அவர் வீட்டுச் சாக்கடையைப் பக்கத்து மனைக்குத் திருப்பி விட்டு ரொம்ப நாளாகிறது. அதற்கு என்ன தண்டனை என்று கேட்டால் சிரிப்பார்.

நான் இவர்களைக் கண்டுகொண்டதே இல்லை. காலையில் ஆம்பூருக்குக் கம்பெனி பஸ் பிடிக்க ஓடுகிறவளுக்குப் பெஞ்சோடு மல்லுக்கட்ட நேரமேது? ஆனால் பின் தெரு அக்காவைக் கொண்டுபோய் மேடையில் உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து இவர்களில் ஒருவர் வணக்கம் சொன்னாலும் எனக்குக் காது கேட்பதில்லை.

அக்கா எனக்குச் சொந்தமில்லை. நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் எனக்கு ஆபீஸ், அவளுக்குத் தையல் லைன். ஷூவின் மேல்பாகத்தை மிஷினில் தைக்கிற வேலை. போக வர ஒரே பஸ், ஒரே சீட். புருஷன் இல்லை, ஒரே மகள். அந்த மகளைக் கட்டியவன் பாலாற்றில் மணல் வண்டி ஓட்டியவன். குடிப்பான், அடிப்பான். ஒருநாள் மகளைக் காணோம். "எவன் கூடயோ ஓடிப்போய்ட்டா" என்று அவனே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஊரும் நம்பியது. நம்பியதென்ன, சப்புக்கொட்டிக்கொண்டு கேட்டது. நம் பெஞ்சும்தான். "இந்தக் காலத்துப் பொண்ணுங்க" என்று ஆரம்பித்து ஒரு மாதம் அவளை மென்று தின்றார்கள்.

பிறகு போலீஸ் அவனைப் பிடித்து உட்கார வைத்ததும் உண்மை வந்தது. அடித்ததில் செத்துப்போனாள், ராத்திரியோடு ராத்திரியாக ஆற்றில் புதைத்துவிட்டேன் என்றான். விரிஞ்சிபுரம் தாண்டி ஓரிடத்தைக் காட்டினான். தோண்டினார்கள், இல்லை. வேறோர் இடத்தைக் காட்டினான். அங்கேயும் இல்லை. அதற்குள் அவனுக்கு ஒரு வக்கீல் வந்தார், வாய் மூடிக்கொண்டது. "நான் ஒண்ணும் பண்ணல, அடிச்சு ஒத்துக்க வெச்சாங்க" என்று கோர்ட்டில் மாற்றிவிட்டான். வண்டியில் ரத்தம் இருந்தது, அவள் தாலிச் சங்கிலி அவன் பெட்டியில் இருந்தது, அன்று ராத்திரி அவன் வண்டி போனதைப் பார்த்த சாட்சிகளும் இருந்தார்கள். கேஸ் நடந்தது. பிணம் மட்டும் இல்லை.

பாலாற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்ணீரும் கிடையாது, முக்கால்வாசி மணலும் கிடையாது, அள்ளின பள்ளங்கள்தான் கண்ணுக்கெட்டின மட்டும். எந்தப் பள்ளத்தில் அவள் கிடக்கிறாள் என்பது உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும்.

அக்கா வேதக்காரி. நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தபோது துணைக்கு என்னையும் அழைத்தாள். கல்லறைத் தோட்டம் முழுக்கச் சனம். சுண்ணாம்பு அடித்து, செவ்வந்திப் பூ போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, ஃபாதர் வந்து மந்திரிக்கக் காத்திருந்தார்கள். அக்கா புருஷன் கல்லறையைத் துடைத்துப் பூப்போட்டாள். அப்புறம் அதற்குப் பக்கத்தில் வெறும் தரையில் புல்லைப் பிடுங்கி, கையாலேயே மண்ணைத் தட்டி, அங்கேயும் ஒரு மெழுகுவத்தியை நட்டாள்.

அடுத்த கல்லறைக்காரி எட்டிப் பார்த்து, "அங்க யாரும் இல்லியே?" என்றாள்.

"வருவா" என்றாள் அக்கா.

அடுத்த வாரம் பஸ்ஸில், மருமகனை ஜெயிலில் மனுப் போட்டுப் பார்க்கப்போவதாகச் சொன்னாள். மூஞ்சியில் காறித் துப்பப் போகிறாள் என்று நினைத்து, லீவு போட்டுவிட்டுச் சந்தோஷமாகக் கூடப் போனேன். கேட்டில் இருந்தவர், "நீ அவனுக்கு இன்னா வேணும்?" என்று கேட்டார்.

"மாமியாருங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கேஸ் என்னவென்று அவருக்குத் தெரியும். மனுவில் முத்திரை குத்தி உள்ளே விட்டார்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். எருமை மாதிரி ஊதியிருந்தான். "நல்லா கீறீங்களா அத்தை?" என்றான். அக்கா கொண்டுபோன பன்னையும் பழத்தையும் சோதனை போட்டு உள்ளே வாங்கியிருந்தார்கள்.

"எங்கப்பா வெச்ச? அத மட்டும் சொல்லு" என்றாள் அக்கா.

அவன் அக்கம்பக்கம் பார்த்தான். குரலைத் தணித்துக்கொண்டான். "இப்ப வாயத் தொறந்தா அதையே வெச்சு என்னைய முடிச்சிருவாங்க அத்தை. சர்க்கார் வக்கீல் தூக்குதான் வாணும்னு நிக்கிறாரு. தூக்கு இல்லன்னு ஆவட்டும். அப்பால நானே கூட்டினு போய்க் காட்டுறேன். உங்க பொண்ணு மேல சத்தியமா."

எந்தப் பொண்ணு மேல் சத்தியம் செய்கிறான் பாருங்கள்! ஷூ கம்பெனியில் இத்தனை வருஷம் வேலை செய்தும், செருப்பைக் கேட்டிலேயே கழற்றிவிட்டு, அந்த வலைக்குள் வீசுவதற்கு ஒன்றுக்கு வழியில்லாமல் நின்றேன். அக்கா துப்பவில்லை. "சாப்புடு. ஒடம்பப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். வெளியே வந்ததும், போலீஸில் சொல்லிவிடலாம் என்றேன். "சொன்னா அவன் மறுபடி வாயத் தொறப்பானா மேடம்?" என்றாள்.

ஜெயில் வாசலில் பார்த்த புண்ணியவதி யாரோ பஸ்ஸில் வத்தி வைத்துவிட்டாள். "பெத்த பொண்ண முழுங்கினவனுக்குப் பன்னு வாங்கினு போறாளாம். இவளும் ஒரு தாயா?" என்று பின்சீட்டில் முணுமுணுப்பு. கல்லறையில் அவளோடு நின்று அழுதவர்கள்கூட இடம் மாறி உட்கார்ந்தார்கள். "உன் வாயில ஒரு பன்ன வெச்சு அடைச்சுக்கோ" என்று நான் எழுந்து கத்தினேன். அக்கா என் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அவள் காரணம் சொல்லியிருந்தால் மட்டும் என்ன, அதையும் மென்றிருப்பார்கள்.

இந்த நேரத்தில்தான் பொங்கல் விழா வந்தது. கோலப்போட்டி, மியூசிக்கல் சேர், கடைசியில் பட்டிமன்றம். இந்த வருஷத் தலைப்பு, குற்றங்களைக் குறைக்கத் தூக்குத் தண்டனை தேவையா, தேவையில்லையா. நகர் நலச் சங்கத்தின் செயலாளர் கெட்டிக்காரர். கேஸ் தீர்ப்புக்கு நெருங்கிவிட்டது, பாதிக்கப்பட்ட தாய் பின் தெருவிலேயே இருக்கிறாள், வேறு எந்த நகருக்குக் கிடைக்கும் இந்த யோகம்? வீடு தேடிப் போய், கைகூப்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அழைத்தார். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான். பெரிய வக்கீல் ஒருவர் சிறப்பு விருந்தினராக வருகிறார் என்று சொன்னதும் அக்கா ஒத்துக்கொண்டாள்.

"தூக்கு கேக்காதீங்கன்னு சொல்றதுக்கு யார்கிட்ட போவணும்னு அவர ஒரு வார்த்தை கேக்கணும் மேடம்" என்றாள் என்னிடம். அவள் போனது அதற்காக மட்டும்தான்.

பேச்சாளர்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் பக்கம் பிரித்தார்கள். தினமும் பெஞ்சில் தூக்குப் போடுகிற முன்னாள் பேங்க் மேனேஜருக்கு 'தேவையில்லை' விழுந்தது. சங்கடப்படுவார் என்று பார்த்தால், "எந்தப் பக்கம் குடுத்தாலும் அடிச்சுத் தூள் கெளப்பிடுவேன் மேடம்" என்றார் என்னிடம், பெருமையாக. கிளப்பவும் செய்தார். நிரபராதியைத் தூக்கிலிட்டால் திருப்பிக் கொண்டுவர முடியுமா என்றார். கயிறு ஏழையின் கழுத்தைத்தான் தேடுகிறது என்றார். கொல்லாதே என்று சொல்கிற அரசாங்கம் கொல்லலாமா என்றார். எல்லாம் நியாயமான வாதம். வந்த வாய்தான் சரியில்லை.

எதிர்ப்பக்கத்து வாத்தியார் பயம் இருந்தால்தான் குற்றம் குறையும் என்றார், பிரியாணிக் கணக்கு சொன்னார், இழந்தவர்களின் வயிற்றெரிச்சலுக்கு நியாயம் வேண்டாமா என்றார். அதுவும் கேட்க வேண்டிய கேள்விதான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டம் தூங்குகிறது என்று நினைத்தாரோ என்னவோ, "கல்யாணம் ஆனவனுக்கு எதுக்கய்யா தனியா தூக்கு? தாலி கட்டின அன்னிக்கே கயித்த மாட்டியாச்சே!" என்றார். கைதட்டல், விசில். நடுவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில், மகளின் தாலியைக் கோர்ட்டில் அடையாளம் காட்டிவிட்டு வந்தவள் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. சீச்சீ, இதுகளும் மனுஷ ஜென்மம்!

கடைசியில் செயலாளர் அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தினார். மகளைப் பறிகொடுத்ததற்குப் பொன்னாடை! ஃபோட்டோவுக்காக இன்னொரு தடவை எடுத்துப் போர்த்தினார். பிறகு மைக்கை அவள் வாய்க்கு நேரே நீட்டி, "சொல்லுங்கம்மா, உங்க தீர்ப்பு இன்னா? தூக்கா, இல்லையா?" என்றார், லாட்டரிச் சீட்டு எடுக்கச் சொல்கிறவர் போல.

"தூக்கு வாணாம்" என்றாள் அக்கா.



"அவன் செத்துட்டா எம்பொண்ணு கீற எடத்த யாரு சொல்லுவா? அவளக் கொண்டாந்து அவங்கப்பன் பக்கத்துல வெக்கணும். அதுக்கு அவன் உசுரோட இருக்கணும்."

நான் கேட்டேன், முன்வரிசை கேட்டது, எல்லோருக்கும் காது இருந்தது. செயலாளர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "தாயுள்ளம்! கொன்றவனையும் மன்னிக்கும் தாயுள்ளம்!" என்று கூவினார். எழுந்து நின்று கைதட்டினார்கள், சில பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

"நான் மன்னிக்கலீங்க" என்றாள் அக்கா. மைக் அவளிடம் இல்லை. "ஐயா, நான் மன்னிக்கல" என்று மறுபடி சொன்னாள். கைதட்டல் நின்றபாடில்லை. நடுவர் வீட்டிலேயே எழுதி வந்திருந்த தாளைப் பிரித்து, தாயின் மன்னிப்புக்குத் தலை வணங்குகிறோம், ஆனாலும் குற்றங்கள் குறையத் தூக்கு தேவையே என்று முடித்துவைத்தார். கடைந்தெடுத்த நாடகம்.

அப்படியும் அக்கா விடவில்லை. சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்த வக்கீலிடம் போய்க் கேட்டாள். அவர் வாயில் பொங்கலோடு, "அதெல்லாம் கோர்ட்டு பாத்துக்கும்மா. பயப்படாதீங்க, கண்டிப்பா தூக்கு வாங்கிடலாம்" என்று தைரியம் சொன்னார்.

சொன்னபடியே வந்தது. தூக்கு. அன்று சாயங்காலம் எங்கள் தெருமுனையில் சரவெடி வைத்தார்கள். மகள் ஓடிப்போனாள் என்று சப்புக்கொட்டிய அதே வாய்கள் லட்டு தின்றன. செயலாளர் ஒரு ஸ்வீட் டப்பாவோடு அக்கா வீட்டுக்குப் போய், "பாத்தியாம்மா, நம்ம மேடைல பேசினது வீண் போகல" என்றாராம். அக்கா டப்பாவை வாங்கிக்கொள்ளவில்லை. திமிர் என்று பெஞ்சில் சொன்னார்கள். மறுவாரம் பெஞ்சுக்கு வேறொரு கேஸ் கிடைத்துவிட்டது.

என் கட்சி எது என்று கேட்காதீர்கள். என் கையில் விட்டிருந்தால் அவனை அந்தக் கம்பி வலையிலேயே நெரித்திருப்பேன். இந்தக் கூட்டத்தோடு சேர்ந்து ஒரு முடிச்சுக்கூடப் போட மாட்டேன்.

தீர்ப்புக்கு அப்புறம் அவன் அக்காவைப் பார்க்க வருவதில்லை. அப்பீல் போட்டிருக்கிறார்கள், முடியும்வரை வாயைத் திறக்காதே என்று அவன் வக்கீல் சொல்லியிருப்பார். அது எந்தக் காலத்தில் முடியும் என்று யாருக்கும் தெரியாது. அக்கா மட்டும் போய்க்கொண்டிருக்கிறாள். போன வாரம் பஸ்ஸில் வந்து உட்கார்ந்தவள் முகம் வெளிறியிருந்தது.

"சுகர் வந்துகீதாம் மேடம்" என்றாள்.

"யாருக்குக்கா?"

"அவனுக்குத்தான். வார்டர் சொன்னாரு. மாத்திரைய வாங்கி வாங்கித் துப்பிடுறானாம். முழுங்குற வரைக்கும் நின்னு பாருங்க சாமின்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்தேன்."

பள்ளிகொண்டா தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "அவன் சாவக்கூடாதுன்னு தெனம் ஜெபமாலை சொல்றேன் மேடம். எம்பொண்ணு எங்கயோ பள்ளத்துல படுத்துனு இதக் கேட்டுனு இருப்பாளே. எங்கம்மா எவனுக்கு வேண்டிக்கினு கீறா பாருன்னு நெனைப்பாளே."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பன்னு இனிமே வாணாம் இல்ல? கொய்யாப்பழம் குடுக்கலாமா?" என்றாள்.

குடுக்கலாம் அக்கா, ரொம்பப் பழுத்தது மட்டும் வேண்டாம் என்றேன்.