நடுநிலை பற்றி நான் எழுதிய குறிப்பு

பாரிசின் ரூ பெர்தொனே தெருவில் இருக்கும் என் அண்ணையின் சாப்பாட்டுக் கடையில், இடியப்பத்தைத் தேங்காய்ப்பால் சொதியில் குழைத்து என் அலுவலகத் தோழியான அவள் முதன்முதலாகக் கையால் உண்ட மதியம் எனக்கு இன்னும் துலக்கமாக நினைவிருக்கிறது. "எங்கள் தீவிலும் கையால்தான் உண்போம். பாரிசுக்கு வந்துதான் அதை மறைக்கப் பழகினேன்" என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தாள். அன்றிலிருந்து அண்ணைக்கு அவள் தங்கச்சிதான்.

அவளும் நானும் ஒரே அலுவலகத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை செய்தோம். இன்னும் பிரான்சின் ஆட்சியிலேயே இருக்கும் தொலைதூரத் தீவொன்றின் விவகாரங்களைக் கவனிக்கும் பிரிவு எங்களுடையது. அவள் அந்தத் தீவில் பிறந்தவள். தீவுக்கென்று ஓர் அரசு இருந்தாலும், அயல்நாடுகளோடு பேச அதற்குத் துணைநிற்கும் இராசதந்திரத் தொடர்பு ஆலோசகரைப் பாரிஸ்தான் நியமிக்கும். அந்தப் பதவி வெற்றிடமானபோது அவள் விண்ணப்பித்தாள். அவளைவிடத் தகுதியானவர் எவரும் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மேலதிகாரி என்னை அழைத்தார். "தன் மக்கள் விடயத்தில் அவரால் நடுநிலையாக இருக்க முடியுமா? நெருங்கிப் பழகிய நீங்கள் ஒரு குறிப்பு எழுதித் தாருங்கள்" என்றார். அவருக்கு எந்தப் பதில் வேண்டும் என்பது குரலிலேயே தெரிந்தது. என் பதவி உயர்வும் அவர் மேசையில்தான் கிடந்தது. தீவு மக்களோடு அவளுக்குள்ள நெருக்கம் பணிக்கு இடையூறாகலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதில் பொய்யான சொல் ஒன்றும் இல்லையே என்று பல நாள் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். தீவைக் கண்ணாலும் கண்டிராத ஒருவரை நியமித்தார்கள். எனக்கும் உயர்வு கிடைத்தது.

சில வாரங்களின் பின் அவள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். "என்னைப் பற்றி நீ ஏதாவது எழுதினாயா?" என்று நிதானமாகக் கேட்டாள். இல்லை என்றேன். சற்று நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுப் போனாள். அந்த மாத முடிவில் வேலையை விட்டுத் தீவுக்கே திரும்பிவிட்டாள்.

"தங்கச்சியை ஏன் இந்தப் பக்கம் காணேல்லை?" என்று அண்ணை கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் தாங்கமுடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டி கழுவிக்கொண்டிருந்தவர் தண்ணீர்க் குழாயைப் பூட்டினார்.

"தமிழன், நம்பேலாது எண்டுதானே இலங்கையிலை எங்கடை அப்பாவுக்குப் பதவி குடுக்காமல் விட்டவங்கள். இஞ்சை வந்து நீயும் அதைத்தானே எழுதியிருக்கிறாய்?"

"ஓம் அண்ணை."

அவர் மீண்டும் குழாயைத் திறந்து சட்டியைக் கழுவத் தொடங்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றே அவளுக்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "என் அலுவலகக் கோப்பினைக் கேட்டு வாங்கி வாசித்துவிட்டுத்தான் அன்று உன் அறைக்கு வந்தேன். நீயாகச் சொல்வாய் என்று நினைத்தேன்."