இழுத்துக் காட்டு

மயிலாப்பூர் ஜலஜா டீச்சருக்கு ரிட்டயரான பிறகு ஒரே வேலை, மகளைக் கண்டிப்பது. மஹதியும் மாப்பிள்ளையும் வீட்டை விற்றுவிட்டு, அடுப்பும் படுக்கையும் வைத்த வேனிலேயே குடியிருந்துகொண்டு ஐரோப்பாவைச் சுற்றுகிறார்கள். விலாசம் கேட்டால் கடற்கரைப் படம் அனுப்புகிறார்கள்.

தினமும் நாலு மணிக்கு வீடியோவில் விசாரணை நடக்கும்.

"வேன் கதவைப் பூட்டினியா?"

"பட்டப்பகல்ல எதுக்கும்மா?"

"பகல்லதான் வருவான். அத்துவானத்துல வண்டிய நிறுத்திண்டு, எவனாவது உள்ள நுழைஞ்சா யாரைக் கூப்பிடுவே? பூட்டிட்டு, இழுத்துக் காட்டு."

மஹதி பூட்டி, இழுத்துக் காட்டினாள். "சரி, உன் பின்னாடி யாரும்மா?"

ஜலஜா திரும்பினாள். கூடத்து நாற்காலியில் கூரியர்காரன் மடியில் பார்சலோடு உட்கார்ந்திருந்தான்.

"கதவு தொறந்துதாம்மா கெடந்துச்சு. மூணு தபா கூப்ட்டேன், நீங்க திட்டிக்கினே இருந்தீங்க. அதான் ஃபேனப் போட்டுக்கினு குந்திட்டேன்."