தோப்புக்கு வேலி போட்ட பிறகு

2025 ஏப்ரல் 27, ஞாயிறு. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன், தொட்டி நிரம்பப் பதினெட்டு நிமிடம் ஆயிற்று. அலுவலகப் பேருந்து இல்லாத நாள். இரண்டு தோசை, காபி. ஒன்பதரைக்குக் குடியிருப்போர் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனேன். சங்கத்தின் செயலாளர் நான்.

எங்கள் மனைப்பிரிவு மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கிறது. அதற்குக் கிழக்கே சங்கத்துக்குச் சொந்தமான சவுக்குத் தோப்பு. தோப்பைத் தாண்டினால் மீனவர் குடியிருப்பு. பத்து நாளுக்கு முன் எங்கள் பக்கத்தில் யாரோ காய்ந்த தென்னை மட்டைகளைக் கொளுத்தினார்கள். தீ சருகு வழியே ஓடி, மறுபக்கத்தில் ஒரு பெண்ணின் கருவாட்டுக் கொட்டகையை எரித்துவிட்டது. அவருடைய பிழைப்பே அந்தக் கொட்டகைதான். அதனால் இரண்டு பக்கத்தாருக்கும் விளக்கம் சொல்லத் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார்.

அவர் கையிலிருந்த குச்சியைத் தரையில் ஊன்றினார். சருகுக்குள் ஒரு முழம் இறங்கியது.

"காலையில மேக்காத்து. நீங்க இங்க கொளுத்துனா தீ அவங்க பக்கம் போவும். மதியம் கடல்காத்து. அங்க அடுப்புப் பொறி பறந்தா உங்க வூட்டுக்கு வரும். தோப்ப யாரும் கூட்டறதே இல்லியா?"

"வாசலையே ஆள் வெச்சுத்தான் கூட்டறாங்க அண்ணாத்த. தோப்பையா கூட்டப் போறாங்க?" என்றார் பின்னாலிருந்த மீனவர் ஒருவர். அவர்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது.

கொட்டகையை இழந்தவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்வரை அந்த மீனவர் குடியிருப்புப் பெண்கள் விடியற்காலையில் வந்து சருகைக் கூட்டி, கோணியில் கட்டி, அடுப்பெரிக்க எடுத்துப் போவார்கள். தரை வெறும் மணலாகக் கிடக்கும். புழுதி பறக்கிறது என்று நடைப்பயிற்சிக்காரர்கள் புகார் சொன்னார்கள். தீர்மானம் எழுதினேன். அவர்கள் பக்கம் கம்பிவேலி போட்டோம், உள்ளே வரக்கூடாது என்று பலகை வைத்தோம். அன்றைய நாட்குறிப்பைக் காலையில் தேடிப் படித்திருந்தேன்: "நான்கு பெண்கள் வந்து கேட்டனர். விதி என்று சொல்லி அனுப்பினேன். மழை இல்லை."

எழுந்து நின்றேன். "கூட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். நிறுத்தியது நான்" என்று சொல்லி, என் கையெழுத்திலிருந்த தீர்மானத்தைப் படித்தேன்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு சார்?" என்றார் எங்கள் தலைவர்.

"எதுக்குன்னா, வழிய தொறக்கத்தான்" என்றார் தீயணைப்பு வீரர். "அவங்க பக்கம் பத்தடி அகலத்துக்கு வெறும் மணலா இருக்கணும். மொதல்ல அத்தப் பண்ணுங்க. கத்திரி இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்றார் தலைவர். அடுத்த கூட்டம் ஜூனில்.

அப்போதுதான் அந்தப் பெண் வாய் திறந்தார். "கம்பம் நட்டுட்டேன் சார். அதே எடந்தான், வேற எடம் ஏது? நாளான்னிக்கு கீத்து வேயறேன். தகரத்துக்கு நான் எங்க போறது? ஜூன் வரைக்கும் காத்த நிறுத்தி வெக்கிறீங்களா?"

சிலர் செருப்பால் சருகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தில் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு மூடினேன். கூட்டம் கலைந்தபோது அவரிடம் போய், "நாளைக்கு விடிஞ்சதும் வாங்கம்மா" என்றேன்.

"வேலி?"

"நான் பாத்துக்கறேன்."

நம்பினாரா என்று தெரியவில்லை.

மறுநாள் திங்கள். ஐந்து பத்துக்கு எழுந்தேன். மோட்டார் போடவில்லை. கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு தோப்பைக் கடந்து, பழைய ஒற்றையடிப் பாதை இருந்த இடத்தில் நான்கு வரிசைக் கம்பியையும் வெட்டினேன். பலகையைக் கழற்றிக் கீழே வைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவர் விளக்குமாறும் கோணியுமாக ஏற்கெனவே நின்றிருந்தார்.

"பஸ்ஸு போயிடப் போவுது சார்" என்றபடியே உள்ளே வந்து கூட்ட ஆரம்பித்தார்.

முதல் கோணியின் வாயை நான் விரித்துப் பிடித்துக்கொண்டேன்.