தைத்து வைத்த பக்கங்கள்

புஷ்பலதாவுக்குக் கெட்ட செய்தி சொல்ல வராது. பெரணமல்லூரில் பிறந்து ஆரணியை அடுத்த சேவூருக்கு வாழ வந்த நாளிலிருந்தே அப்படித்தான். மாமனார் இறந்துபோனதை நாத்தனாருக்குப் போனில் "லேசா மூச்சு வாங்குது, கிளம்பி வா" என்றுதான் சொன்னாள். அவளை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது? நம் பக்கத்தில் சாவை யார் நேராகச் சொல்கிறார்கள்? சீரியஸ் என்பார்கள். தெருமுனையில் பந்தலைப் பார்த்து நாமே தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அவள் பார்க்கும் வேலையும் அப்படி. பட்டுக் கடை ஒன்றில், நெய்து வரும் புடவைகளை விரித்துப் பார்ப்பாள். எங்காவது இழை விட்டிருந்தால் அதே நிறப் பட்டு நூலை ஊசியில் கோத்து, விட்ட இடமே தெரியாமல் சேர்த்துவிடுவாள். அதில் கெட்டிக்காரி. மிச்ச நேரமெல்லாம் கதைப் புத்தகம். சேவூரில் அவளோடு புத்தகம் மாற்றிப் படிக்கிற ஒரே ஆள் எதிர்வீட்டு லீலா. லீலா வீட்டிலேயே தறி போட்டு நெய்கிறவள். புருஷன் போய் வெகு காலமாகிறது. மகன் கோகுல்ராஜ் ஒருவன்தான்.

அந்தப் பிள்ளைதான் போன மாசியில் வண்டியில் வேலைக்குப் போகிற வழியில் லாரி மோதிச் செத்தான். அவனோடு வேலை பார்க்கிற பையன் போன் செய்தது புஷ்பலதாவுக்கு. நடந்ததை அவன் அழுதுகொண்டே ஒளிக்காமல் சொல்லிவிட்டான். இவள் எதிர்வீட்டுக்கு ஓடிப் போய், "கோகுலுக்குக் கால்ல அடியாம்க்கா, வேற ஒண்ணுமில்ல, வா போலாம்" என்று ஆட்டோ பிடித்தாள். வழியெல்லாம் கால்தான், கால்தான் என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஆண்களின் முகத்தைப் பார்த்துத்தான் பெற்றவளுக்கு விஷயம் தெரிந்தது.

அன்றிலிருந்து லீலா அவளோடு பேசுவதில்லை. வேறு யாரோடும் பேச்சு கிடையாது. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. காரியம் முடிந்ததும் தறியில் உட்கார்ந்தவள்தான், சோறு தண்ணிக்கு எழுப்பினால் உண்டு. தெருக்காரர்களும் கோகுல் பெயரை அவள் காதில் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். லீலா இப்படியே இருந்து செத்துப்போவாள் என்று புஷ்பலதாவுக்குப் பயம் வந்துவிட்டது. போய்ப் பேசலாம் என்றால் எந்த முகத்தோடு போவது? ஒரு நல்ல புத்தகம் கொடுத்தால் அதுவாவது ஆறுதல் சொல்லாதா என்று நினைத்தாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் புத்தகக் கடைக்குப் போனாள். கடைக்காரர் அன்பரசு, துக்கத்துக்கென்றே இருக்கிறது என்று வழவழப்பான அட்டை போட்ட ஒன்றை எடுத்து நீட்டினார். பிரித்தால் முதல் வரியிலேயே, துக்கம் ஒரு வாய்ப்பு என்று எழுதியிருந்தது.

"வாய்ப்பா? எவ வூட்டுப் புள்ள செத்தா எவனுக்குங்க வாய்ப்பு? எழுதனவன் புள்ள பெத்தவனா?"

"நான் இன்னாம்மா பண்றது, இதான் ஜல்தியா போவுது" என்றார் பாவம் அன்பரசு.

சாமி புத்தகம் ஒன்று காட்டினார். எல்லாம் போன ஜென்மத்துக் கணக்கு என்றது. அதையும் வைத்துவிட்டாள். நாவல்களைப் புரட்டினாள். ஒன்றில் மகன் கல்யாணம், ஒன்றில் மகன் வெளிநாடு, இன்னொன்றில் தலைப்பிள்ளை தாலாட்டு. உலகத்தில் இத்தனை பேர் எழுதுகிறார்களே, பிள்ளையே இல்லாத கதை ஒன்று எழுதக் கூடாதா என்று எரிச்சலாக வந்தது.

கடைசியில் தன் பெட்டியிலிருந்த பழைய நாவலையே எடுத்தாள். ஏரிக்கரையில் எருமை வளர்த்துப் பிழைக்கும் ஒருத்தியின் கதை. படித்து முடித்தால் மனசு லேசாகிவிடும். ஆனால் நடுவில் ஓர் அத்தியாயத்தில் அவள் பிள்ளை ஏரியில் மூழ்கிவிடுகிறான். புஷ்பலதா யோசித்தாள். வெள்ளைப் பட்டு நூலை ஊசியில் கோத்தாள். அந்த அத்தியாயத்தின் பக்கங்களை ஓரத்தோடு ஓரமாகச் சேர்த்துத் தைத்துவிட்டாள். பைண்டிங்கில் ஒட்டிக்கொண்டது என்று நினைத்துக்கொள்வாளாம் லீலா! ஆயுசெல்லாம் பட்டு நூலோடு கிடக்கிறவளிடம் பட்டு நூலை மறைக்கப் பார்த்த புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல! லீலாவின் தறி பக்கத்தில் புத்தகத்தை வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லீலாவே வாசலில் நின்று கூப்பிட்டாள். "புஷ்பா, இங்க வா."

உள்ளே போனாள். தறிப்பலகை மேல் புத்தகம் விரிந்து கிடந்தது. தையல் முழுக்கப் பிரிந்திருந்தது.

"இத ஏன் தெச்ச?"

"நீ தாங்க மாட்டன்னுதான்க்கா."

"இனிமே தாங்கறதுக்கு இன்னா கீது? தெச்சத மட்டும்தான் திரும்பத் திரும்பப் படிச்சிகினு கீறேன். கதையில அந்தம்மாவுக்கு, புள்ள எப்படிப் போனான்னு ஊரே வந்து சொல்லுது. எனக்கு ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. என் புள்ள பேரைக்கூட சொல்ல மாட்டறீங்க." லீலாவின் குரல் பல நாள் பேசாததால் கரகரத்தது. "அன்னிக்கு கால்ல அடின்னு சொன்ன. பாதி வழி போயி நான் ஆட்டோவத் திருப்பச் சொன்னேன். புள்ள பசியா இருப்பானேன்னு வூட்டுக்கு வந்து கஞ்சி வெச்சேன். நீயும் கூட நின்ன. அந்த நேரத்துக்குப் போயிருந்தா அவன உயிரோட பாத்திருப்பேனா? நான்தான் கஞ்சி வெச்சிகினு நின்னு அவன உட்டுட்டேனா? அது மட்டும் சொல்லு."

இத்தனை நாளும் இவள் உள்ளுக்குள் வைத்துச் செத்துக்கொண்டிருந்தது இதுதானா! ஏதாவது இதமாகச் சொல்லப் புஷ்பலதாவுக்கு வாய் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"இல்லக்கா. எனக்கு போன் வர்றப்பவே கோகுல் இல்ல. ரோட்லயே போயிட்டான். நீ அடுப்பு பத்த வெக்கறப்பவே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சிகினேதான் எனக்குக் கஞ்சி ஆத்திக் குடுத்தியா?"

"ஆமாக்கா."

லீலா அவளையே பார்த்தாள். பிறகு, "பாவி, பாவி" என்று இரண்டு கையாலும் அவள் தோளில் அடித்தாள். அடித்த கை அப்படியே அவளைக் கட்டிக்கொண்டது. "கோகுலு, என் ராசா" என்று பெருங்குரலெடுத்து அழுதாள். தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. புஷ்பலதா அவளை அழாதே என்று சொல்லவில்லை. தானும் கோகுலு, கோகுலு என்று கூப்பிட்டு அழுதாள்.